பூவும் இரண்டு இலைகளும்

நுழையும் முன்

தேர்தலில் மக்கள் தம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கின்றனர். மிக அரிதாகச் சில வேளைகளில் வேட்பாளர்களுக்கு மாறாக ஒரு கேள்வியே மக்கள் முன் வைக்கப்படுகிறது. கர்நாடகத்தின் அண்டை மாநிலமான கோவாவில் 1967ஆம் ஆண்டு அத்தகைய கேள்வி ஒன்று எழுந்தது. அதனை எளிய மக்களுக்கு யார் விளக்கினர், எவ்வாறு விளக்கினர் என்பதையும், இன்று பெங்களூருவில் வாழும் குடும்பங்களுக்கு அதனால் கிடைக்கும் பாடத்தையும் அறிவோம்.

ஆளுக்கு வாக்கும் கேள்விக்கு வாக்கும்

தேர்தல் நாளில் பெங்களூருவின் பள்ளிக்கூடங்கள் பல வாக்குச்சாவடிகளாகின்றன. வகுப்பறையின் ஒரு மூலையில் அட்டை மறைப்பும் அதற்குள் வாக்குப்பதிவு இயந்திரமும் இருக்கும். வேட்பாளர்களின் பெயர்களும் படங்களும் சின்னங்களும் அதில் வரிசையாக அமைந்திருக்கும். வாக்காளர் தாம் விரும்பியவருக்கு எதிரேயுள்ள பொத்தானை அழுத்துவார். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பணி நிறைவளிக்காவிடில், ஐந்தாண்டுகளுக்குப் பின் வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புண்டு.

கேள்விக்கு வாக்களிப்பது இதனின்றும் வேறுபட்டது. இதனைப் பொதுவாக்கெடுப்பு என்பர். சுவிட்சர்லாந்து நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை வரை இத்தகைய வாக்கெடுப்பு நடைபெறுகிறது. ஒவ்வொரு முறையும் அரசு ஒரு விளக்கக் கையேட்டை வெளியிடுகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் ஆகிய நான்கு மொழிகளிலும் அது கிடைக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாநிலம் முழுவதற்குமான கேள்விகள் தேர்தல் வாக்குச்சீட்டிலேயே இடம்பெறுகின்றன. வாக்குப்பதிவிற்கு முன்னரே வாக்காளர் கையேடு ஒன்று வெளிவருகிறது. ஒவ்வொரு கேள்வியின் சுருக்கம், அதனால் அரசுக்கு ஏற்படும் செலவு, ஆதரிப்போரின் வாதம், எதிர்ப்போரின் வாதம், ஒரு தரப்பின் வாதத்திற்கு மறுதரப்பு கூறும் மறுப்பு ஆகிய அனைத்தும் அக்கையேட்டில் இருக்கும். இந்தி உள்ளிட்ட பல மொழிகளிலும் அது அச்சிடப்படுகிறது. எதிரெதிர்த் தரப்பினர் இருவரும் ஒரே நூலில், அடுத்தடுத்த பக்கங்களில் பேசுவது அதன் சிறப்பாகும்.

இந்தியாவில் சட்டங்களை இயற்றுவோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே. மக்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்கப்பட்ட நிகழ்வுகள் மிகச் சிலவே. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரி இந்தியாவுடன் இணைய வேண்டுமா என்பதை முடிவு செய்ய, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. அங்கும் வாக்களித்தோர் மக்களின் பிரதிநிதிகளான 178 பேரே. அவர்களுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். கோவாவிலோ பிரதிநிதிகளைக் கடந்து, வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கப்பட்டது.

கேள்வி பிறந்த கதை

கோவா 1510 முதல் போர்ச்சுகீசியரின் ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பர் 19 அன்று அது விடுதலை பெற்று, தாமன், தியூ ஆகியவற்றுடன் சேர்ந்து ஒன்றிய ஆட்சிப் பகுதியானது. 1963ஆம் ஆண்டு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி வென்றது. அக்கட்சியின் தலைவர் தயானந்த் பந்தோத்கர் முதலமைச்சரானார். கோவாவை மகாராஷ்டிர மாநிலத்துடன் இணைப்பது அக்கட்சியின் குறிக்கோள்.

எதிர்க்கட்சியான ஐக்கிய கோவர் கட்சியின் தலைவர் மருத்துவர் ஜாக் டி சிக்வேரா இணைப்பை எதிர்த்தார். ஒரு நிலப்பகுதியின் தனித்தன்மையையே மாற்றும் முடிவைச் சட்டமன்றப் பெரும்பான்மை மட்டும் எடுத்துவிடலாகாது. மக்களிடமே நேரில் கேட்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நீண்ட விவாதத்திற்குப் பின், 1966 டிசம்பரில் இதற்கெனத் தனிச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வாக்கெடுப்பு நடுநிலையாக நடைபெறும் பொருட்டு, பந்தோத்கரின் அமைச்சரவை முன்னதாகவே பதவி விலகியது. 1967 ஜனவரி 16 வாக்களிக்கும் நாளாக அறிவிக்கப்பட்டது.

இந்த வாக்கெடுப்பு ‘கருத்தறியும் வாக்கெடுப்பு’ எனப் பெயர் பெற்றது. செய்தி நிறுவனங்கள் சிலரிடம் மட்டும் வினவி வெளியிடும் கருத்துக்கணிப்பு வேறு; இது வேறு. இதன் முடிவே கோவாவின் எதிர்காலத்தை வகுக்கவிருந்தது.

வாக்காளர் முன் இரண்டு வழிகள் இருந்தன. மகாராஷ்டிரத்துடன் இணைவது ஒன்று; ஒன்றிய ஆட்சிப் பகுதியாகவே தொடர்வது மற்றொன்று. எழுத்தறியாதோர் பலர் இருந்தமையால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு சின்னம் வழங்கப்பட்டது. இணைப்பிற்குப் பூ, தனித்து நிற்பதற்கு இரண்டு இலைகள்.

சின்னம் மட்டும் போதுமா?

பூ எது, இலை எது என்பதை ஒரு குழந்தையும் சொல்லிவிடும். பூவைத் தேர்ந்தால் நாளை என்ன நிகழும் என்பதைச் சொல்வதே கடினம். சின்னம் விடையைக் குறிக்கும், விளைவை உணர்த்தாது.

இலங்கையில் நடந்த ஒரு வாக்கெடுப்பும் இதனைத் தெளிவாக்கும். 1982 டிசம்பர் 22 அன்று அங்கு விளக்கும் குடமும் சின்னங்களாக வைக்கப்பட்டன. விளக்கு ‘ஆம்’ என்பதற்கும் குடம் ‘இல்லை’ என்பதற்கும் உரியவை. இரண்டும் வீட்டில் அன்றாடம் காணும் பொருள்களே. ஆனால் அவற்றின் பின்னிருந்த கேள்வியோ, 1977ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் பொதுத்தேர்தல் இன்றி மேலும் ஆறு ஆண்டுகள் தொடரலாமா என்பதாகும். விளக்கு வென்றது. அடுத்த பொதுத்தேர்தல் 1989ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. விளக்குக்கு இடப்பட்ட ஒவ்வொரு வாக்கும், வரவிருந்த ஒரு தேர்தலைத் தள்ளிவைக்கும் வாக்காகவும் அமைந்தது.

கோவாவிலும் விளைவைப் பற்றியே வாதங்கள் எழுந்தன. இணைப்பை ஆதரித்தோர், மராத்தி மொழியாலும் பண்பாட்டாலும் கோவா மகாராஷ்டிரத்தோடு நெருங்கியது என்றனர். கொங்கணி மராத்தியின் கிளைமொழியே என்றும் கூறினர். தனித்து நின்றால் நிலவுடைமையாளர்களின் செல்வாக்கே ஓங்கும் என்ற அச்சம் ஏழை உழவர்கள் பலரிடம் இருந்தது. பெரிய மாநிலத்தோடு சேர்ந்தால் வளர்ச்சி விரைந்து வரும் என்பதும் ஒரு வாதம்.

எதிர்த்தோர், கொங்கணி தனிமொழி என்றனர். இணைந்தால் சட்டமன்றம் மறையும். கோவா மகாராஷ்டிரத்தின் ஒரு சிறு மாவட்டமாகச் சுருங்கும். அரசுப் பணிகள் வெளியாருக்குச் செல்லும் என எடுத்துரைத்தனர். மகாராஷ்டிரத்தில் மதுவிலக்குச் சட்டம் இருந்தது. அது கோவாவிலும் நடைமுறைக்கு வந்தால், தென்னையில் கள் இறக்கிப் பிழைக்கும் குடும்பங்களின் நிலை என்னவாகும் என்று வினவினர். ‘தனித்தன்மை’ என்னும் பெரிய சொல் இவ்வாறு ஓர் ஏழைத் தொழிலாளியின் அடுத்த நாள் உணவு பற்றிய கேள்வியாக மாறியது. கேட்போர் தம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும்போதே ஒரு கேள்வி முழுமையாக விளங்கும்.

கேட்போரின் மொழி

அந்நாளில் கோவாவில் படிக்கத் தெரிந்தோருள் பலர் மராத்தி நாளிதழ்களையே படித்தனர். இணைப்பை எதிர்த்தோரின் உள்ளத்தில் இருந்த மொழி கொங்கணி. எனினும் அவர்களின் கருத்தைப் பரப்பிய ‘ராஷ்டிரமத்’ நாளிதழ் மராத்தியிலேயே வெளிவந்தது. சந்திரகாந்த் கேணி அதன் ஆசிரியராக விளங்கினார். உதய் பெம்ப்ரே அதில் ‘பிரம்மாஸ்திரம்’ என்னும் தலைப்பில் தொடர்ந்து எழுதினார். கொங்கணிக்காகப் போராடியோர் மராத்தியில் எழுதியது முரணாகத் தோன்றலாம். யாருக்கு விளக்க வேண்டுமோ, அவர் படிக்கும் மொழியில் எழுதுவதே முறை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

படிக்க இயலாதோரிடம் பாட்டு சென்றது. கவிஞர் மனோகர்ராய் சர்தேசாய் கொங்கணியில் பாடல்கள் இயற்றினார். பாடகர் உல்லாஸ் புயாவ் ஊர்தோறும் சென்று பாடினார். கொங்கணி பேசுவோர் தம் வீட்டு மொழியில் அப்பாடல்களைக் கேட்டனர். மறுதரப்பினரும் கூட்டங்கள் நடத்தித் தம் கருத்தைப் பரப்பினர். வாக்களிக்கும் நாளுக்கு முன்னரே வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் இரு தரப்பின் வாதங்களும் பேசப்பட்டன.

முடிவும் அதன் பின்னும்

வாக்குரிமை பெற்றிருந்தோர் 3,88,432 பேர். அவர்களுள் 3,17,633 பேர் வாக்களித்தனர். இது ஏறத்தாழ 82 விழுக்காடு. இரண்டு இலைகளுக்கு 1,72,191 வாக்குகளும் பூவுக்கு 1,38,170 வாக்குகளும் கிடைத்தன. 34,021 வாக்குகள் வேறுபாட்டில் கோவா தனித்து நிற்பது உறுதியானது. 7,272 வாக்குகள் செல்லாதவை ஆயின.

வாக்கெடுப்புக்குப் பின் சில மாதங்களிலேயே சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இணைப்பை வேண்டிய பந்தோத்கரின் கட்சியே அதில் மீண்டும் வென்றது. அவரே மறுபடியும் முதலமைச்சரானார். தாம் விரும்பிய தலைவரின் கோரிக்கையை மறுத்த மக்கள், அவரையே ஆளவும் அழைத்தனர். தலைவரைத் தேர்வது வேறு, கேள்விக்கு விடையளிப்பது வேறு என்பதை அவர்கள் பிரித்தறிந்தனர் எனலாம்.

தனி மாநிலம் என்னும் வழி அன்றைய வாக்குச்சீட்டில் இல்லை. பலர் விரும்பியும் அக்கேள்வி கேட்கப்படவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1987 மே 30 அன்று கோவா இந்தியாவின் 25ஆவது மாநிலமானது. கொங்கணி 1992இல் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. இலைகளுக்கு வாக்களித்தமையால் பின்னாளில் தனி மாநிலத்திற்கான வழி திறந்திருந்தது. பூ வென்றிருந்தால், இணைந்த ஒன்றை மீண்டும் பிரித்தல் எளிதாக இருந்திராது.

நான்கு கேள்விகள்

கோவாவின் வரலாற்றிலிருந்து, எந்த வாக்கெடுப்பையும் விளங்கிக்கொள்ள உதவும் நான்கு கேள்விகளைத் திரட்டலாம்.

1. ‘ஆம்’ என்பது வென்றால் நாளை எது மாறும்? யாருக்கு நன்மை? யாருக்கு இழப்பு?
2. ‘இல்லை’ என்பது வென்றால் எது அப்படியே தொடரும்?
3. மக்கள் விரும்பியும் வாக்குச்சீட்டில் இடம்பெறாதது எது?
4. முடிவு தவறெனப் பின்னர்த் தோன்றினால் திருத்த இயலுமா?

இந்நான்கிற்கும் இரு தரப்பாரும் கூறும் விடைகளைக் கேட்பவரே விளக்கம் பெற்ற வாக்காளர். நான்கிற்கும் விடை கூறிவிட்டு, “முடிவு உங்களுடையது” என்று நிறுத்திக்கொள்பவரே நேர்மையாக விளக்குபவர். தம் தரப்பிற்காக வாதாடுதலும் மக்களாட்சியில் ஒருவரின் உரிமையே. ஆனால் வாதாடுபவர் தம்மை விளக்குபவராகக் காட்டிக்கொண்டால், கேட்பவர் ஏமாற்றப்படுகிறார்.

பெங்களூருவில்

கர்நாடகத்தில் மாநில அளவிலான கேள்விக்கு வாக்கெடுக்கும் வழக்கம் இல்லை. எனினும் அரசு மக்களின் கருத்தைக் கேட்டு வெளியிடும் அறிவிப்புகள் உண்டு. 2025ஆம் ஆண்டு பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. பிரிவினை பற்றியும் புதிய வார்டுகளின் எல்லைகள் பற்றியும் வரைவு அறிவிப்புகள் வெளியாயின. குறித்த நாளுக்குள் ஆட்சேபணைகளை எழுதித் தரலாம் என்று பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு தெரு எந்த வார்டில் சேரும் என்பதைப் பொறுத்தே, குப்பை, சாலை, தெருவிளக்கு பற்றி அத்தெருவினர் யாரிடம் முறையிடுவது என்பது அமையும்.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அண்மையில் வேலை தேடி வந்த குடும்பங்களும் நகரெங்கும் உள்ளன. கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியோர் அவர்களுள் உண்டு. அறிவிப்பு கன்னடத்தில் இருக்கும். விளக்கம் தமிழில் தேவைப்படும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் தமிழும் கற்கும் பிள்ளைகள் அவ்வீட்டில் இருந்தால், தடையாக இருந்த மொழியே பாலமாகும்.

புலம்பெயர்ந்தோருக்கு உரிய வேறொரு செய்தியும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஒருவரின் பெயர் ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் மட்டுமே இருக்கலாம். அவர் வழக்கமாக வாழும் இடமே அதற்கு அடிப்படை. சொந்த ஊரில் வீடோ நிலமோ இருப்பது மட்டும் அங்கு வாக்குரிமை தராது. 1967இல் மும்பையில் வாழ்ந்த கோவா மக்கள் பலர் தமக்கும் வாக்குரிமை வேண்டினர்; அது ஏற்கப்படவில்லை. பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தவர் பட்டியலில் தம் முகவரியை மாற்ற எட்டாம் எண் படிவத்தையும், முதன்முறை பெயர் சேர்ப்பவர் ஆறாம் எண் படிவத்தையும் நிரப்ப வேண்டும். இப்படிவங்களை நிரப்பும் முறையைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுவதும் பிள்ளைகளால் இயலும் உதவியே.

வாக்குச்சாவடிக்குள் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் சலுகை, பார்வையின்மையோ வேறு உடற்குறையோ காரணமாகத் தாமே வாக்களிக்க இயலாதவருக்கு மட்டும் உரியது. அத்துணைவரும் 18 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். படிக்கத் தெரியாமை அதற்குக் காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே படிக்கத் தெரியாத பாட்டியும் மறைப்பிற்குள் தனியாகவே நிற்பார். அவருக்கு வேண்டிய விளக்கம் யாவும் அதற்கு முன்னரே, வீட்டில், அவர் மொழியில் கிடைத்திருக்க வேண்டும். அவர் யாருக்கு வாக்களித்தார் என்று பின்னர் வினவுதல் முறையன்று. வாக்கின் மறைவைக் காப்பதும் விளக்கியவரின் கடமையே.

சொற்பொருள்

பொதுவாக்கெடுப்பு – ஒரு கேள்விக்கு மக்களிடம் நேரடியாக வாக்குப் பெறுதல்
வரைவு – முடிவாகும் முன் வெளியிடப்படும் முதல் வடிவம்
ஆட்சேபணை – எதிர்ப்பு, மறுப்பு
முரண் – ஒன்றுக்கொன்று மாறுபட்டது
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
கிளைமொழி – ஒரு மொழியின் வட்டார வடிவம்

மொழி அறிவோம்: தன்வினையும் பிறவினையும்

‘மக்களுக்குக் கேள்வி விளங்கியது.’ இதில் விளங்குதல் என்பது தானே நிகழும் வினை. இது தன்வினை.
‘நாளிதழ் கேள்வியை விளக்கியது.’ இதில் பிறர்க்கு விளங்குமாறு செய்தல் குறிக்கப்படுகிறது. இது பிறவினை.
பின்வரும் தன்வினைகளைப் பிறவினைகளாக மாற்றி, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைத்து எழுதுக: மாறு, திருந்து, திரும்பு, அடங்கு.

வினாக்கள்

1. கீழூர் வாக்கெடுப்பிற்கும் கோவா வாக்கெடுப்பிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பந்தோத்கரின் அமைச்சரவை முன்னதாகவே பதவி விலகியதன் காரணம் என்ன?
3. ‘ராஷ்டிரமத்’ நாளிதழ் மராத்தியில் வெளிவந்தது ஏன் பொருத்தமானது?
4. ‘சின்னம் விடையைக் குறிக்கும்; விளைவை உணர்த்தாது.’ இலங்கை எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
5. மும்பையில் வாழ்ந்த கோவா மக்களுக்கு வாக்குரிமை அளித்திருக்க வேண்டுமா? இரு தரப்பு வாதங்களையும் எழுதியபின் உம் கருத்தை எழுதுக.

செயல்பாடு

‘பள்ளி நூலகம் சனிக்கிழமையும் திறந்திருக்க வேண்டுமா?’ என்னும் கேள்விக்கு வகுப்பில் வாக்கெடுப்பு நடத்துக. அதற்கு முன், நால்வர் கொண்ட குழு இரண்டு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதட்டும். முதல் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குரிய விடைகள் அமைக. இரண்டாம் பக்கத்தில் ஆதரிப்போர் வாதமும் எதிர்ப்போர் வாதமும் சம அளவில் அமைக. கையேட்டைப் படித்தவர், அதை எழுதியோர் எந்தத் தரப்பினர் என்று கண்டுபிடிக்க இயலாதிருப்பின், கையேடு நன்கு எழுதப்பட்டது என்று கொள்க.